காலை ஆறு மணி, நான்காம் படம்

எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற அறுபத்து நாலு பெண்களுக்கும் நாற்பது நாள் தொடர்ந்து காலை ஆறு மணிக்கு வயிறு சுத்தமானது. ஒரு நாள் தவறவில்லை. ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ஆகவில்லை. பக்கத்தில் இருக்கிற சூலூர் விமானப்படைக்காரர்களுக்குக்கூட அப்படியொரு ஒழுங்கு கைவந்திருக்காது. இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், அதையெல்லாம் எழுதினது நான்தான்.

என் பெயர் மெர்சி. சூலூருக்கு ரெண்டு ஸ்டாப் முன்னால் இருக்கிற பங்காரம்மா பம்ப்ஸில் பதினாலு வருஷமாக மோட்டார் வைண்டிங் பண்ணுகிறேன். இரும்புக்குள் இருக்கிற பள்ளங்களில் செம்புக் கம்பிச் சுருளை விரலால் அழுத்தி உட்கார வைக்கிற வேலை. தோட்டத்தில் நீங்கள் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் பீறிட்டு வருகிறதே, அதற்குள் என் பெருவிரல் ரேகை இருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியாது.

எழுந்திருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம். எங்கள் சூப்பர்வைசர் மாசாணம் தங்கமான மனுஷன். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. யாராவது எழுந்து கக்கூஸ் பக்கம் நடந்தால் வாட்சைப் பார்ப்பார். திரும்பி வந்ததும் மறுபடி வாட்சைப் பார்ப்பார். ரெண்டாவது தடவை எழுந்தால், "ஏனுங்க மெர்சி, மறுக்காவுங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பார். அந்த அக்கறை, எதிர் வரிசையில் மோட்டார் பூட்டிக்கொண்டிருக்கிற நாற்பது ஆம்பளைகளுக்கும் கேட்கும். அப்புறம் மூன்றாவது தடவை எவள் எழுந்திருப்பாள்?

ஆகவே நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு லிட்டர் பாட்டில் நிற்கும், சாமிக்குப் படைத்த மாதிரி. சாயங்காலம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவோம். என் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி கம்பெனித் தண்ணீரில்தான் ஆளுயரம் வளர்ந்தது.

வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்பீர்கள். வரலாம். போத்தனூரில் நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. எட்டுக் குடும்பத்துக்கு ரெண்டு கக்கூஸ். கம்பெனி பஸ் ஆறு நாற்பதுக்கு ரயில்வே கேட் பக்கம் வந்துவிடும். அதற்குள் சோறாக்கி, என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கும் மகள் கிருபாவுக்கும் டப்பா கட்டி, நானும் குளித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் குடல் நம் பேச்சைக் கேட்காது. அதற்குப் பத்தரை மணிதான் தோதுப்படும். பத்தரைக்கு வரும், அடக்குவேன், பதினொன்றுக்குக் கோபித்துக்கொண்டு போய்விடும். மூணு நாளைக்கு ஒரு தடவை, கிடைத்த நேரத்தில் உயிர் போய் உயிர் வரும். அறுபத்து நாலு பேரில் முக்கால்வாசிப் பேர் வயிறு இப்படித்தான்.

இந்த நிலைமையில்தான் எங்கள் முதலாளி சீனிவாசலுவின் ஒரே மகள் ஹரிதா, வெளிநாட்டில் குடலைப் பற்றிப் படித்துவிட்டு ஊருக்கு வந்தார். சொந்தக் குடலில் ஆரம்பித்து, அப்பா குடலைச் சரிசெய்து, அப்புறம் எங்கள் குடலுக்கு வந்தார். நல்ல பெண். கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை கேன்டீனில் எங்களையெல்லாம் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினார். குடல் சுவரெல்லாம் பச்சையும் ஊதாவுமாக ஏதேதோ நெளிந்தது.

"உங்க வயித்துக்குள்ள கோடிக்கணக்கான உயிருங்க குடியிருக்குதுங்க" என்றார். "அதுகள நாம சந்தோசமா வெச்சுக்கோணும். அதுக சந்தோசமா இருந்தா நாம சந்தோசமா இருக்கலாமுங்க."

என் பக்கத்து ஸ்டூல்காரி புவனா என் காதில், "என்ற ஊட்ல இருக்கற நாலு உசுரையே என்னால சந்தோசமா வெக்க முடியல கண்ணு" என்றாள்.

அடுத்த படத்தில், 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர்' என்று வந்தது. அதற்கடுத்து, 'இயற்கையின் அழைப்பை ஒருபோதும் அடக்காதீர்கள்.' பெரிய எழுத்தில், பக்கத்தில் ஒரு சிவப்பு மணி வேறு ஆடிக்கொண்டிருந்தது. "புரிஞ்சுதுங்களா?" என்றார். அறுபத்து நாலு பேரும், "புரிஞ்சுதுங்க" என்றோம். மாசாணமும் தலையாட்டினார்.

திங்கட்கிழமை கேன்டீனில் போண்டா ஒழிந்தது. டீயும் ஒழிந்தது. பத்தரை மணிக்கு ஸ்டூல் பக்கத்திலேயே ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் பழைய சோற்று நீர், மேலே ஒரு புதினா இலை. என் அம்மா சின்னாத்தாள் சத்தியமங்கலத்துப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனபோது, இதே நீராகாரத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, குவித்த கையில் வாங்கிக் குடித்தவள். தோட்டத்துக்காரர்கள் வீட்டு டம்ளர் அவளுக்குக் கிடையாது. எனக்குக் கண்ணாடி டம்ளரும் புதினாவும். ஒரே தலைமுறையில் இவ்வளவு முன்னேற்றம் போதாதா?

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் படித்தவர்களுக்கு ஆதாரம் வேண்டும். எல்லோர் கையிலும் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார் ஹரிதா. 'என் வயிற்று டைரி' என்று பெயர். என்ன சாப்பிட்டாய், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய், எத்தனை மணிக்குப் போனாய் என்று கட்டம் கட்டமாக இருந்தது. அதற்குக் கீழே ஏழு படங்கள். ஆட்டுப் புழுக்கையில் ஆரம்பித்துக் கூழில் முடிகிற ஏழு படங்கள். உனக்கு வந்தது எது என்று வட்டம் போட வேண்டும். கடைசியில் அழுகிற முகம், சும்மா இருக்கிற முகம், சிரிக்கிற முகம். வாரா வாரம் சனிக்கிழமை மாசாணம் இதை வாங்கி அடுக்கி மேலே அனுப்புவார்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஒவ்வொருத்தியும் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எங்களில் பாதிப் பேர் இந்தச் சங்கதியைக் கட்டின புருஷனிடம்கூடப் பேசியதில்லை. மாசாணத்தின் கையில் புழுக்கைப் படத்துக்கு வட்டம் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். சிங்காநல்லூர் தாண்டின பிறகு புவனா தன் புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"மெர்சி, உன்ற எழுத்து முத்து முத்தா இருக்குது. நீயே எழுதிப்போடு கண்ணு."

"என்னன்னு எழுதட்டும்?"

"நல்லா இருக்குதுன்னு எழுது."

அடுத்தடுத்து அறுபத்து மூணு புத்தகமும் என் மடிக்கு வந்து சேர்ந்தன. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டால் பதில் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போனாலும், "நல்லா இருக்கறேனுங்க, நீங்க சாப்புட்டீங்களா?" என்றுதான் கேட்பார். கேட்டவர் மனசு நோகக் கூடாது. ஹரிதா இவ்வளவு பிரியமாகக் கேட்கிறார், நாங்கள் போய் ஆட்டுப் புழுக்கை என்று எழுதினால் அந்தப் பெண் என்ன பாடுபடும்? ஏழில் நான்காம் படம்தான் உத்தமம் என்று அவரே கூட்டத்தில் சொல்லியிருந்தார். ஆகவே எல்லோருக்கும் காலை ஆறு மணி, நான்காம் படம், சிரிக்கிற முகம். தண்ணீர் பன்னிரண்டு டம்ளர். நாற்பது நாளும் பஸ்ஸில் ஆடி ஆடிக்கொண்டே எழுதினேன்.

மாசாணத்துக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அறுபத்து நாலு புத்தகமும் ஒரே கையெழுத்து, ஒரே பச்சைப் பேனா. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, கேட்டால் சங்கடம் என்று கேட்காமல் விட்டுவிட்டார்.

நாற்பத்தோராம் நாள் ஹரிதா மறுபடி கூட்டம் போட்டார். திரையில் ஒரு கோடு முதல் நாளே உச்சிக்கு ஏறி, தண்டவாளம் மாதிரி அங்கேயே நேராகப் போனது. நூறு சதவீதம். வெளிநாட்டு வாத்தியார்கள்கூட இதை நம்ப மாட்டார்கள் என்றார். அந்த வாத்தியார்கள் புத்திசாலிகள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்களும் கை தட்டினோம். எனக்குத் தட்டும்போதே கீழே வலித்தது.

ஒரு வாரமாகவே ரத்தம் வந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் போத்தனூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்துவிட்டு, ஆசனவாயில் வெடிப்பு என்றார்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"ஒரு டம்ளர் குடிப்பேனுங்க."

"ஒரு வேளைக்கா?"

"ஒரு நாளைக்குங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பாருங்கம்மா, வயிறு கூப்பிடறப்பப் போயிரோணும். அடக்கி வெச்சீங்கன்னா அது காஞ்சு கல்லாட்டம் ஆயிரும், வர்றப்பக் கிழிச்சுட்டுத்தான் வரும். தண்ணி குடிங்க, கீரை பழம் சாப்புடுங்க, தெனமும் ஒரே நேரத்துல போய் அவசரமில்லாம உக்காருங்க. களிம்பு தர்றேன். ஆறு வாரம் பார்ப்போம். அப்பவும் ஆறலைன்னா ஆபரேசன்தான்."

"ஆபரேசன் பண்ணுனா எத்தன நாளுங்க?"

"ஒரு மாசத்துக்கு மேல நிமிந்து உக்கார முடியாது."

உட்காராமல் வைண்டிங் பண்ண முடியாது. ஒரு மாசம் என் ஸ்டூல் காலியாக இருந்தால் அதில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அது போக, எனக்குக் கத்தியென்றால் பயம். பிரசவத்துக்கே அலறினவள் நான். திங்கட்கிழமையிலிருந்து மாசாணம் எத்தனை தடவை வாட்சைப் பார்த்தாலும் பத்தரைக்கு எழுந்து போய்விடுவது என்று கிளினிக் படியிறங்கும்போதே முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை பத்தரைக்குப் போனேன். எங்களுக்கு இருந்தது வரிசையாக நாலு கக்கூஸ். அதில் மூணு கதவில் புதுப் பூட்டு தொங்கியது. நாலாவது கதவுக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள்.

மாசாணத்திடம் போய், "ஏனுங்க, பூட்டியிருக்குதுங்க?" என்றேன்.

"அது இனிமேலு கக்கூஸ் இல்லீங்க. நொதிக்க வெக்கற ரூமாக்கச் சொல்லியிருக்கறாங்க சின்னம்மா. பழைய சோத்துத் தண்ணி, கம்மங்கூழு, அப்பறம் என்னமோ டீத்தண்ணியைப் புளிக்க வெக்கறாங்களாமா. டைல்ஸு, தண்ணிக் குழாயி, வடிகாலு எல்லாம் ஏற்கெனவே இருக்குதுங்களே."

"நாங்க எங்கீங்க போறது?"

மாசாணம் செல்போனை எடுத்து, கூட்டத்தில் போட்ட அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாருத்துக்கும் காலைல ஆறு மணிக்கே ஆயிருதுங்களே. எட்டு மணிக்கு மேல யாருக்குமே தேவைப்படறதில்லைன்னு டேட்டா சொல்லுதாமுங்க. அவசர ஆத்தரத்துக்கு ஒண்ணு உட்டிருக்கறாங்க."

ஒன்றுக்குப் போவதற்குக் கட்டம் போட டைரியில் இடமே இல்லை. ஆகவே எங்களுக்கு அது வருவதே இல்லை என்று ஆகிவிட்டது.

அன்று பஸ்ஸில் அறுபத்து மூணு பேரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். யாரும் திட்டவில்லை. புவனா மட்டும், "ஒண்ணு ரெண்டு பேருத்துக்காவது பத்தரைன்னு எழுதியிருக்கலாம் கண்ணு" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. முத்து முத்தா எழுதச் சொன்னது இவள்தான்.

சரி, நான் செய்த கூத்தை நானே சரிசெய்துவிடலாம் என்று அடுத்த நாள் மாடிக்குப் போனேன். ஹரிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று படியேறும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னால் உட்கார முடியாது என்பது வேறு விஷயம்.

"வாங்க மெர்சி. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? உங்க எல்லாரு டைரியத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒருத்தர் பாக்கியில்லாம இவ்வளவு சுத்தமா எழுதியிருக்கறீங்க. ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

வாயைத் திறந்தேன். எதிரில் அந்த முகம் அவ்வளவு ஆசையாகக் காத்திருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "சோத்துத் தண்ணி நல்லா இருக்குதுங்க. அதச் சொல்லீட்டுப் போலாமுன்னு வந்தேன்."

இறங்கி வரும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் அஞ்சு வாரம். டாக்டரம்மா சொன்னபடி பப்பாளி சாப்பிட்டேன், கீரை சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன். பத்தரைக்கு எழுந்தால் ஒன்பது பேர், பத்துப் பேர், சில நாள் பதினாலு பேர். என் முறை வருவதற்குள் வயிறு கோபித்துக்கொண்டுவிடும். உள்ளே போனாலும் ரெண்டு நிமிஷத்தில் கதவைத் தட்டுவார்கள், தட்டுகிறவளைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் குடித்தால் அதற்கும் வழியில்லை. மறுபடி பாட்டில் அப்படியே வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. மறுபடி ரத்தம். டாக்டரம்மா வரச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை.

அதற்கு முந்தின நாள் கம்பெனிக்கு விருது கொடுக்கிறவர்கள் வந்தார்கள். ஆரோக்கியமான பணியிடம் என்று ஏதோ ஒரு விருது. ரெண்டு ஆம்பளை, ஒரு பொம்பளை. வாசலில் கோலம், ஆளுக்கொரு சால்வை, ஒரம்பரை, விருந்தாளி வந்தால் செய்கிற உபசாரம் எதிலும் குறையில்லை. முதலாளி சீனிவாசலுவே முன்னால் நின்று அழைத்து வந்தார். எழுபது வயசு, வெள்ளை வேட்டி, எங்களைப் பார்த்தால் கும்பிடு போடுகிற மனுஷன். "நம்ம அம்மணிக எல்லாம் நம்ம குடும்பமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ்.

நொதிக்கிற அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். கதவில் இருந்த 'பெண்கள்' என்ற எழுத்தின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்து இலை படம் வரைந்திருந்தது. உள்ளே ஜாடி ஜாடியாக ஏதோ குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்களில் கண்ணாடி போட்டவர், "நல்ல காத்தோட்டம், வடிகால்கூட நல்லா அமைஞ்சிருக்கு" என்று பாராட்டினார். அமையாமல் இருக்குமா? எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் நாகரிகமாக ஒரு வாய் குடித்து வைத்தார்கள். முதலாளி, மகள் மனசு குளிர மூணு டம்ளர் குடித்தார். அப்புறம் எல்லோரும் மாடிக்குப் போனார்கள்.

பத்தரைக்கு என் வயிறு கூப்பிட்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன். பதினோரு பேர். சுவரில் சாய்ந்து நின்றேன். இன்றைக்கும் அடக்கினால் நாளைக்கு டாக்டரம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வலியைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. ஹரிதா மேல் இல்லை, மாசாணம் மேல் இல்லை. என் வாய் மேல். நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க என்று நாற்பது நாள் அறுபத்து நாலு பேருக்காகப் பொய் சொன்ன வாய்.

மாடியில் ஒரு கக்கூஸ் உண்டு. முதலாளிக்கும் வருகிற ஒரம்பரைக்கும். நேராகப் படியேறினேன்.

"மெர்சி, எங்கீங்க?" என்றார் மாசாணம்.

"கக்கூஸுக்குங்க" என்றேன். நாற்பது ஆம்பளைகளுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

மாடியில் கண்ணாடி அறைக்குள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே இருந்த கக்கூஸ் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. விருது கொடுக்க வந்த அம்மாள் உள்ளே இருந்தார். நான் கதவோரம் நின்றேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் புவனா. அவளுக்குப் பின்னால் அந்தப் பதினோரு பேரில் ஆறேழு பேர். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். பத்து நிமிஷத்தில் நீலக் கோட்டுப் போட்ட இருபத்து மூணு பெண்கள், ஏசி ஓடுகிற மாடியில், கண்ணாடி அறையை ஒட்டினாப்போல வரிசையாக நின்றோம். உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் பழக்கதோஷத்தில் கும்பிட்டோம்.

ஹரிதா வெளியே ஓடி வந்தார். முகமெல்லாம் பதற்றம்.

"மெர்சி, என்னாச்சுங்க? கேன்டீன் சாப்பாடு ஏதாச்சும் ஒத்துக்கலீங்களா?"

"இல்லீங்க. தெனமும் இப்பிடித்தானுங்க."

"தெனமுமா? உங்க எல்லாருக்கும் காலைல ஆறு மணிக்கே…"

"அது நாந்தான் எழுதுனேனுங்க. அறுபத்து நாலு பேருத்துக்கும் நானே எழுதுனேன். அத்தனையும் பொய்யுங்க."

"ஏனுங்க?"

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். "நீங்க ஆசையாக் கேட்டீங்க. நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டோமுங்க."

ஹரிதா எங்கள் வரிசையை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தார்.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக, வெசயாக, அவசர அவசரமாக வந்தார். நெற்றியில் வேர்வை. மூணு டம்ளர் ஆயிற்றே. அவரைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் பூராவும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். யாரும் விடச் சொல்லவில்லை. அது எங்கள் காலிலேயே ஊறின பழக்கம்.

அதே நேரத்தில் தாழ் விலகியது. விருது அம்மாள் வெளியே வந்து, வரிசையைப் பார்த்துத் திடுக்கிட்டு, "சாரிங்க" என்று நகர்ந்தார். கதவு திறந்து கிடந்தது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் முதலாளி. அவர் கை கதவுப் பிடியில் இருந்தது.

"அம்மணி…" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

'போங்க சார்' என்ற வார்த்தை என் வாயில் தயாராக வந்து நின்றது. பதினாலு வருஷம் அது ஒன்றையே சொல்லிப் பழகின வாய். என் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று 'போங்க சாமி' என்றதும் அதுதான். ஒரு கால் பின்னால்கூட நகர்ந்துவிட்டது. நகரும்போது கீழே சுருக்கென்று வலித்தது. அந்த வலி இல்லாவிட்டால் நான் வழி விட்டிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.

"நாங்க எல்லாரும் வரிசைலதானுங்க சார் நிக்கறோம்" என்றேன். "நீங்க புவனாவுக்குப் பொறவு நின்னுக்கோங்க."

அவர் கை தானாகவே பிடியை விட்டுவிட்டது. நான் உள்ளே போய்த் தாழ் போட்டேன்.

நல்ல கக்கூஸ். ஜன்னல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, சோப்பு இருந்தது. உட்கார்ந்தேன். வெளியே மரியாதையான ஒரு குரல், புவனாவுடையது. "அக்கட்டால நாற்காலி கெடக்குதுங்க சார், உக்காருங்க."

"இல்லம்மணி, உக்கார முடியாது" என்றார் முதலாளி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. வேட்டி சரசரக்க அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடப்பது கேட்டது. ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம், "ஏய் ஹரிதா" என்று கத்தினார். அவர் கத்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. "அந்த மூணு ரூமையும் இப்பவே தொறந்து உடச் சொல்லு."

"நைனா, உள்ள இருபது நாளா நொதிக்க வெச்சிருக்கேன். ஜாடியெல்லாம்…"

"எல்லாத்தையும் எடுத்து வாசல்ல வெய்யி. மாசாணத்தக் கூப்புடு. இப்பவே!"

எங்களுக்கு வேண்டியது என்ன என்பது அவருக்கு விளங்க ரெண்டு நிமிஷம் போதுமாக இருந்திருக்கிறது. படியில் மாசாணம் தடதடவென்று ஏறி வந்து, அதே வேகத்தில் இறங்கி ஓடுவது கேட்டது. பின்னாலேயே சில பெண்களும் ஓடினார்கள். முதலாளி ஓடவில்லை. ஓடுகிற நிலைமையில் அவர் இல்லை.

கதவில் ரெண்டு தட்டு விழுந்தது. மெதுவாக, மரியாதையாக.

"அம்மணி… ஆச்சுங்களா?"

என் வயிறு அப்போதுதான் மெல்ல இளகத் தொடங்கியிருந்தது.

"இல்லீங்க சார்" என்றேன். "இன்னுங் கொஞ்ச நேரமாகுமுங்க."